காதுக்குள் நகர்ந்த துகள்... சுற்றியது வீடு!

விடியற்காலை ஐந்து மணி. வலது பக்கம் புரண்டு படுத்த அம்மா, கட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு ‘‘வீடே சுத்துதுடி!’’ என்று அலறினார். அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. மறுபடி வலது பக்கம் புரண்டால், மறுபடி சுற்றல்.

பி.பி. நார்மல், சுகர் நார்மல், தலை ஸ்கேனும் நார்மல். தலைச்சுற்றல் மாத்திரையோடு மூன்று வாரம் ஓடியது. பாத்ரூமுக்குக்கூட சுவரைப் பிடித்தபடியே போனார். கடைசியில் காது-மூக்கு-தொண்டை டாக்டர் ஒருவர், அம்மாவைச் சட்டென்று சாய்த்துப் படுக்கவைத்து அவர் கண்களையே பார்த்தார். ‘‘காதுல கல்லு இடம் மாறியிருக்கு’’ என்றார்.

காதுக் கோளாறுக்குக் கண்ணை ஏன் பார்த்தார்?

ஒரு சின்ன சோதனை. போனை அசைக்காமல் பிடித்து, இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை ‘இல்லை’ என்பதுபோல ஆட்டுங்கள். (தலைச்சுற்றல், கழுத்துவலி உள்ளவர்கள் வேண்டாம்!) படிக்க முடிகிறது, இல்லையா? இப்போது தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும்.

காரணம், உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள். தலை திரும்பினால் அவற்றிலுள்ள திரவம் பின்தங்கும். நுண்ணிய முடிகள் கொண்ட செல்கள் அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்லும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள், கண்கள் எதிர்ப்பக்கம் அதே அளவு நகர்த்தப்படும். போனை மட்டும் ஆட்டும்போது காதுக்குத் தகவலே இல்லை. பார்த்துப் பார்த்துத் துரத்தும் வேலை கண்ணுக்கு வந்துவிடுகிறது. அது அவ்வளவு வேகம் போகாது.

தலை அசையாதபோதும் இரண்டு காதுகளும் மூளைக்குச் சமமாக சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வலப்பக்கம் திரும்பினால் வலது கூடும், இடது குறையும். அந்த வித்தியாசத்தைத்தான் மூளை ‘திரும்புகிறோம்’ என்று படிக்கிறது. அம்மாவுக்கு நடந்தது இதுதான்: புவியீர்ப்பை உணர்வதற்காக உட்காதின் வேறோர் அறையில் ஒட்டியிருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் சில, பிரிந்து வலது காதின் குழலுக்குள் போய்விட்டன. புரண்டால் அவை உருண்டு திரவத்தை இழுக்கும். தலை நின்றபிறகும் அந்த ஒரு காது மட்டும் ‘சுற்றுகிறோம்’ என்று கத்தும். மூளை அதை நம்பிக் கண்களை வெட்டி வெட்டி இழுக்கும். வீடு சுற்றும். டாக்டர் பார்த்தது அந்த வெட்டைத்தான்.

தலையை வரிசையாக நான்கைந்து நிலைகளில் திருப்பி, துகளை வந்த வழியே வெளியேற்றுவதுதான் சிகிச்சை. அமெரிக்காவின் போர்ட்லேண்டைச் சேர்ந்த டாக்டர் ஜான் எப்ளி கண்டுபிடித்தது. ஆரம்பத்தில் சக டாக்டர்களே நம்பவில்லை. 1992-ல்தான் அவருடைய கட்டுரை மருத்துவ இதழில் வெளியானது. அம்மாவுக்கு ஆன நேரம் பத்து நிமிடம்கூட இல்லை.

மாத்திரை இந்தத் துகளை நகர்த்தாது. குமட்டலுக்கு ஓரிரு நாள் உதவலாம். மாதக்கணக்கில் விழுங்கினால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும்தான் மிச்சம்; வயதானவர்கள் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வது இப்படியும் நடக்கிறது. அதற்காக வீடியோ பார்த்து நீங்களே தலையைத் திருப்ப வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிந்த பிறகே செய்ய வேண்டும்.

சுற்றலோடு பேச்சுக் குழறல், வாய் கோணுதல், இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, நிற்கவே முடியாமை - இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

துகள் மறுபடியும் நகரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதும் வலது பக்கம் புரளும்முன் ஒரு நொடி கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.