இருதய இரண சிகிச்சையும் சுவாசப் பயிற்சியும்

இருதயத்தில் இரண சிகிச்சை செய்துகொண்டவர்க்கு நுரையீரற் பயிற்சி எதற்கு என ஐயுறுவார் பலர். அமெரிக்க வைத்தியராகிய ரீவ் பெட்ஸ் 1949-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் நெஞ்சறுவைப் பிரிவைத் தொடங்கினார். இன்று இருதய சிகிச்சைக்காக நம்மவர் வேலூர்வரை செல்ல வேண்டுவதில்லை. கோயம்புத்தூரிலேயே அது நடைபெறுகிறது. ஆயினும் அதன் பின் நிகழ வேண்டிய மூச்சுப் பயிற்சியை அறிந்தார் சிலரே.

வைத்தியர் பெரும்பாலும் நடுமார்பெலும்பைப் பிளந்தே இருதயத்தை அணுகுகிறார். அப்பொழுது ஓர் இயந்திரம் இருதயத்தின் தொழிலையும் நுரையீரலின் தொழிலையும் மேற்கொள்ளுமாயின், நுரையீரல்கள் காற்றிழந்து சுருங்கிக் கிடக்கும். மயக்கம் தெளிந்தபின்போ, நோவுக்கஞ்சி நோயாளர் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், இருமலையும் அடக்குகிறார். நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் மூடிக்கொள்ளச் சளி தேங்குகிறது. நிமோனியா சுரமும் தொடரக்கூடும். செவ்வனே முடிந்த சிகிச்சையின் பயன் இங்ஙனம் கெடுதலும் உண்டு.

இதனைத் தடுக்கவே மூன்று பந்துகளுடைய சிறு கருவியொன்றைக் கொடுக்கின்றனர். குழாயை வாயிற் கவ்விக் காற்றை உள்ளிழுக்கப் பந்துகள் ஒவ்வொன்றாய் எழும். நொடிக்கு 600, 900, 1200 கன சென்டிமீட்டர் என்பன அவற்றுக்கு வழக்கமான அளவுகள். நம் ஊர்களிலோ இதனைப் 'பந்து ஊதுதல்' என்று சொல்லக் கேட்கிறோம். பல்லடத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஊதி ஊதிப் பார்த்துட்டேனுங்க சிஸ்டர், பந்து மேலே வரமாட்டேங்குதுங்க" என்று வருந்தியதை நாமே கண்டோம். இரண்டு நாள் அவர் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார்! ஒரு வினைச்சொல் பிழைபட்டதனால் வந்த வினை இது. மூடிய காற்றறைகளைத் திறப்பது உள்ளே செல்லும் காற்றேயன்றி வெளிவருவதன்று. 'பந்து இழுத்தல்' என்று வழங்கினாலே பாதி இடர் நீங்கும் என்பது நம் துணிபு.

கருவி கிடையாதவர் கலங்க வேண்டா. கருவியின்றி ஆழ்ந்து மூச்சிழுப்பதனினும் அது சிறந்ததென ஆராய்ச்சிகள் தெளிவாக நிலைநாட்டவில்லை. வயிறு முன்னே எழுமாறு மூக்கினால் மெல்ல இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி விடுதல் போதும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டால் நோவு குறையும், தையலுக்கும் காவலாகும்.

சிகிச்சைக்கு முன்னரே தொடங்குவது இன்னும் நன்று. நெதர்லாந்தில் 279 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக மூச்சிழுக்கும் பயிற்சி பெற்றவருள் நூற்றுக்குப் பதினெண்மரே நுரையீரற் கேடுற்றனர், பெறாதவருள் முப்பத்தைவர்.

வீடு திரும்பியபின் நாடோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டலாம். ஆனால் பிளந்த எலும்பு கூட எட்டு முதற் பன்னிரண்டு வாரம் செல்லும். அதுவரை புல்லுக்கட்டும் தண்ணீர்க்குடமும் தூக்கலாகாது. மூச்சு முட்டினாலும், சுரம் கண்டாலும், மார்பெலும்பு அசைந்து ஒலித்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.