ஜாக் வாங்கும்போது டன்னை விட உயரம் முக்கியம்

டிராலி ஜாக் வாங்கப் போனா முதல் கேள்வியே "எத்தனை டன்?" தான். ஸ்விஃப்ட் மாதிரி காரின் எடை 900 கிலோ சொச்சம். அதிலும் ஒரு மூலையைத்தான் தூக்குகிறோம். முழு எடையும் ஜாக் மேல் வராது. 2 டன் தாராளம்.

பார்க்க வேண்டியது இரண்டு உயரங்கள். ஒன்று, முழுக்க இறக்கிய நிலையில் ஜாக்கின் உயரம். பல ஜாக்குகளில் இது 130 மி.மீ. சுமார். பஞ்சரான கார் இன்னும் தாழ்ந்து நிற்கும். அப்பவும் அடியில் நுழையணும். இரண்டு, அதிகபட்ச உயரம். காரைத் தூக்கத் தூக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங் விரியும், சக்கரம் தரையிலேயே இருக்கும். ஸ்பிரிங் விரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் சக்கரம் கிளம்பும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்குங்க.

இன்னொன்று: ஜாக் தூக்கத்தான், தாங்க அல்ல. உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ரப்பர் சீல். அது விட்டுட்டா கார் இறங்கிடும். அடியில் கையோ தலையோ போகும் முன் ஜாக் ஸ்டாண்ட் வைத்தாகணும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுக்கணும். பட்ஜெட் இடிச்சா 3 டன் ஆசையை விடுங்க, ஸ்டாண்டை விடாதீங்க.