வணிக வழக்குகளில் கால்பதிக்கும் இளம் வழக்கறிஞர்கள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

சித்தூர், திருப்பதி பகுதிகளில் சட்டம் படித்துவிட்டு காசோலை, கடன், சரக்குப் பாக்கி வழக்குகளை நடத்த விரும்புவோரிடமும், அவர்களை நாடும் வியாபாரிகளிடமும் பதிவுக் கட்டணம், காலக்கெடு குறித்த குழப்பம் நீடிக்கிறது. அடிக்கடி எழும் கேள்விகளுக்கான விளக்கம் இது.

வழக்கறிஞராகப் பதிவு செய்ய எவ்வளவு கட்ட வேண்டும்?

பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. வேறு பெயர்களில் கூடுதல் தொகை கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் கூடுதலாகக் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

சென்னையில் பதிவு செய்தவர் சித்தூரில் வாதாடலாமா?

வாதாடலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருப்பதால், நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராக உரிமை உண்டு. ஆனால், ஒரே நேரத்தில் இரு மாநில பார் கவுன்சில்களில் பெயர் இருக்கக் கூடாது. சித்தூர் நீதிமன்றங்களில் தெலுங்கு புழங்குவதால், தமிழ் மட்டும் அறிந்தவருக்குச் சாட்சி விசாரணை கடினம்.

எந்தத் தகராறு வணிக வழக்கு ஆகும்?

மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறு. 2018 மே 3-க்கு முன் இந்த வரம்பு ஒரு கோடியாக இருந்தது. மாம்பழக்கூழ் ஆலைக்குச் சரக்கு அனுப்பிய வியாபாரிக்கு வர வேண்டிய 4 லட்சம் ரூபாய் பாக்கி இதில் அடங்கும். நண்பரிடம் சொந்தச் செலவுக்கு வாங்கிய கைமாற்று அடங்காது.

நேராக வழக்குப் போட முடியுமா?

அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் மட்டுமே முடியும். மற்றவர்கள் முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 3 மாதம், இரு தரப்பும் இசைந்தால் மேலும் 2 மாதம் அவகாசம். சமரசத்தில் கழியும் நாட்கள் காலவரம்புக் கணக்கில் சேராது. வழக்கு தொடங்கியபின் எதிராளி சம்மன் கிடைத்த 120 நாட்களுக்குள் எதிர்வழக்குரை தராவிட்டால், அந்த உரிமையை இழப்பார். இதில் நீதிபதிக்கும் விருப்புரிமை இல்லை.

காசோலை திரும்பினால் எத்தனை நாளுக்குள் செயல்பட வேண்டும்?

புதிய வழக்கறிஞர்கள் அதிகம் கையாள்வதும், நாள் தவறினால் ஆபத்தாவதும் இவ்வகை வழக்குகளே. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மன்னிக்கலாம். குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கிருஷ்ணகிரி வியாபாரி தந்த காசோலைக்குச் சித்தூரில் வழக்குப் போடலாமா?

பணம் பெற வேண்டியவர் சித்தூர் கிளையில் உள்ள தம் கணக்கில் காசோலையைச் செலுத்தியிருந்தால் அங்கேயே போடலாம். 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழிசெய்தது. காசோலையைக் கணக்கில் போடாமல் நேரடியாகக் கிருஷ்ணகிரி வங்கியிலேயே கொடுத்திருந்தால், வழக்கும் கிருஷ்ணகிரியில்தான்.

வசூலாகும் தொகையில் வழக்கறிஞர் பங்கு கேட்கலாமா?

கேட்கக் கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பெறுவதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. மீறினால் மாநில பார் கவுன்சிலில் புகார் அளிக்கலாம்.