பனியில் சறுக்கிய மேயர் நாற்காலி... சிகாகோவை உண்மையில் ஆள்வது யார்?

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், கடும் பனி கொட்டி முடிந்த மறுநாள் தெருவில் நடந்தால் ஒரு விநோதமான காட்சியைப் பார்க்கலாம். வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே காலி இடம். அதில் ஒரு உடைந்த நாற்காலி, பழைய வாளி, சில நேரம் இஸ்திரி போடும் மேஜைகூட இருக்கும். யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'மணிக்கணக்கா பனியை அள்ளி இந்த இடத்தை நான் சுத்தம் பண்ணியிருக்கேன். வேற யாரும் இங்க காரை நிறுத்தாதீங்க' என்று அர்த்தம். அந்த ஊரில் இதற்குப் பெயர் 'டிப்ஸ்'. ஹோட்டலில் வைப்போமே, அந்த டிப்ஸ் இல்லை. 'இது என் இடம்' என்று உரிமை கொண்டாடுவது.

தெரு பொதுச்சொத்து, அதனால் சட்டப்படி இது தப்பு. ஆனாலும் மாநகராட்சி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 22 வருடங்கள் மேயராக இருந்த ரிச்சர்ட் எம். டேலி, இந்தப் பழக்கத்துக்கு வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தவர். பனி விஷயத்தில் மக்களைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது சிகாகோ மேயர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒருத்தருக்கு அதனால் பதவியே போயிருக்கிறது!

அந்தக் கதைக்குப் போகும் முன், இந்த நகரம் எப்படி ஆளப்படுகிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஒரு மேயர், 50 கவுன்சிலர்கள்

சிகாகோவில் 50 வார்டுகள். வார்டுக்கு ஒருவர் என 50 பேர் கொண்ட நகர மன்றம். இவர்களை அங்கே 'ஆல்டர்மேன்' என்பார்கள். நம்ம பாஷையில் கவுன்சிலர். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 4 வருடம். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால், பட்ஜெட்டைப் பாஸ் செய்வது, சட்டம் போடுவது என நகர மன்றத்துக்குத்தான் அதிகாரம் ஜாஸ்தி. நிஜத்தில் பல காலம் மேயர்தான் ராஜா. எப்படி? இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

சேற்றில் பிறந்த நகரம்

1837-ல் சிகாகோ நகரமாக அறிவிக்கப்பட்டபோது மக்கள்தொகை சுமார் 4,000-தான். முதல் மேயர் வில்லியம் ஆக்டன், நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்தவர். அப்போது மேயர் பதவி ஒரே ஒரு வருடத்துக்குத்தான். 1863-ல் அது இரண்டு வருடமானது, 1907-ல் நான்கானது.

ஊரே சதுப்பு நிலம். தெருவெல்லாம் சேறு, தேங்கிய தண்ணீர், அதனால் நோய். 1850-களில் நகர நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. சாக்கடைக் குழாய்களைத் தரைக்கு மேலே பதித்து, அதன் மேல் மண்ணைக் கொட்டித் தெருவின் மட்டத்தையே உயர்த்துவது. கட்டடங்கள்? அவற்றையும் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள்! செங்கல் கட்டடங்களைக்கூட அப்படியே தூக்கி நிறுத்தினார்கள்.

1871-ல் ஏற்பட்ட பெரும் தீயில் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அடுத்த மாதமே தேர்தல். 'தீப்பிடிக்காத நகரம்' என்பதைக் கோஷமாக வைத்து, பத்திரிகை அதிபர் ஜோசப் மெடில் மேயரானார்.

1893-ல் விவேகானந்தர் சிகாகோவில் பேசினார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்போது அங்கே உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மேயர், ஐந்தாவது முறையாக வென்ற கார்ட்டர் ஹாரிசன். கண்காட்சி முடிய இரண்டே நாள் இருந்தபோது, அவரது வீட்டிலேயே ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். காரணம், நகரின் தலைமை வழக்கறிஞர் பதவி தனக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும் என்று அவனாகவே நம்பிக்கொண்டதுதான்.

அவன் மனநிலை வேறு விஷயம். ஆனால், 'தேர்தலில் உழைத்தால் நகராட்சியில் வேலை' என்பது அந்தக் காலத்தில் சாதாரணம். பிற்காலத்தில் மேயர்களை ராஜாவாக்கியதும் அதுதான்.

'மெஷின்' எப்படி வேலை செய்தது?

1931-ல், இன்றைய செக் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆன்டன் செர்மாக் மேயரானார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மக்களை ஜனநாயகக் கட்சியின் கீழ் ஒன்றுசேர்த்தவர். 1933-ல் மியாமியில், அடுத்த அதிபராகப் பொறுப்பேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டோடு இருந்தபோது குண்டடி பட்டு, சில வாரங்களில் இறந்தார். ஆனால் அவர் கட்டிய கட்சி அமைப்பு நிலைத்தது. 1931-க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்காரர் யாருமே சிகாகோ மேயராக இருந்ததில்லை.

அந்த அமைப்பைத்தான் அரசியலில் 'மெஷின்' என்கிறார்கள். ஒவ்வொரு வார்டும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி ஆள். எந்த வீட்டில் யாருக்கு வேலை இல்லை, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் சொன்னால் விளக்கு எரியும், மகனுக்கு மாநகராட்சியில் வேலைகூடக் கிடைக்கும். பதிலுக்கு என்ன? ஓட்டு. அவ்வளவுதான்!

1955-ல் மேயரான ரிச்சர்ட் ஜே. டேலி, 1976-ல் பதவியில் இருக்கும்போதே இறக்கும்வரை இந்த மெஷினை இயக்கினார். (முன்னே சொன்ன ரிச்சர்ட் எம். டேலியின் அப்பா இவர்.) மேயரும் அவரே, கட்சியின் மாவட்டத் தலைவரும் அவரே. கவுன்சிலர் சீட் யாருக்கு, அவர் ஆட்களுக்கு வேலை எத்தனை என்பதெல்லாம் ஒரே கையில். பிறகு எந்த கவுன்சிலர் எதிர்த்து ஓட்டுப் போடுவார்?

'வேலை நடக்கும் நகரம்' என்று சிகாகோ பெயர் வாங்கியது. ஆனால் யாருக்கு வேலை நடந்தது என்பதுதான் கேள்வி. கறுப்பின மக்கள் குறிப்பிட்ட பகுதிகளுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 1966-ல் மார்ட்டின் லூதர் கிங்கே சிகாகோவுக்கு வந்து, வீட்டு உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

மேயரை வீட்டுக்கு அனுப்பிய 20 அங்குலப் பனி

அப்பா டேலிக்குப் பின் மேயரானவர் மைக்கேல் பிலாண்டிக். 1979 ஜனவரியில் இரண்டே நாளில் சுமார் 20 அங்குலப் பனி கொட்டியது. தெருக்கள் முடங்கின, குப்பை தேங்கியது. 'பள்ளி மைதானங்களில் பனியை அகற்றிவிட்டோம், காரை அங்கே கொண்டு போங்க' என்று அறிவிப்பு வந்தது. போய்ப் பார்த்தால் அங்கேயும் பனி! இன்னொரு பக்கம், ரயில்கள் வேகமாகப் போகணும் என்பதற்காகச் சில ஸ்டேஷன்களில் நிற்காமலேயே போயின. அவற்றில் பல, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள். குளிரில் நின்றவர்களின் கண் முன்னாலேயே ரயில் போனது.

அடுத்த மாதமே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். பிலாண்டிக்கால் பதவி நீக்கப்பட்டிருந்த ஜேன் பைர்ன் என்ற பெண், அவரையே எதிர்த்து நின்று குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். சிகாகோவின் முதல் பெண் மேயர் அவர்தான். அசைக்கவே முடியாது என்று நினைத்த மெஷின் பனியில் சறுக்கி விழுந்தது.

இன்று சிகாகோவில் பனி அள்ளும் வண்டிகள் எங்கே போகின்றன என்று மக்கள் ஆன்லைனிலேயே பார்க்கலாம். வண்டிகளுக்குப் பெயர் வைக்க மக்களிடம் போட்டிகூட நடத்துகிறார்கள். செம ஜாலியான ஐடியாதான். ஆனால் அதற்குப் பின்னால் 1979-ன் பயமும் இருக்கிறது.

29-க்கு 21

1983-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக ஹெரால்டு வாஷிங்டன் ஜெயித்தார். அதுவரை மேயர் சொன்னதற்கெல்லாம் கை தூக்கிய மன்றத்துக்கு, திடீரென்று தன் அதிகாரம் ஞாபகம் வந்தது! 50 பேரில் 29 பேர் எதிரணி. மேயர் பக்கம் 21 பேர்தான். அவர் பரிந்துரைத்த நியமனங்கள் கிடப்பில் போடப்பட்டன. அவர்கள் போட்ட தீர்மானங்களை இவர் ரத்து செய்தார். அந்த ரத்தை மீற 34 ஓட்டு வேண்டும். அது அவர்களிடம் இல்லை. இந்தச் சண்டைக்கு 'ஸ்டார் வார்ஸ்' பாணியில் 'கவுன்சில் வார்ஸ்' என்று ஒரு காமெடியன் பெயர் வைத்தார்.

வார்டு எல்லைகள் சிறுபான்மை மக்களுக்குப் பாதகமாக வரையப்பட்டிருக்கின்றன என்ற வழக்கில், 1986-ல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்தது. கணக்கு 25-க்கு 25 ஆனது. சமமானால் மேயர் ஓட்டுப் போடலாம். ஒருவழியாக ஆட்சி வாஷிங்டன் கைக்கு வந்தது. ஆனால் 1987 நவம்பரில், தன் அலுவலக மேஜையிலேயே சரிந்து இறந்துபோனார்.

சில நாள்களில் போன 75 வருடம்

சண்டை போடும் மன்றம் தலைவலி என்றால், சண்டையே போடாத மன்றம் எப்படி? 2008 டிசம்பரைப் பாருங்கள். அப்போது மேயர், மகன் டேலி. நகரத்தின் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை, மார்கன் ஸ்டான்லி தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு 75 வருடக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் வந்தது. விலை சுமார் 115 கோடி டாலர். கவுன்சிலர்கள் அதைப் படித்துப் பார்க்கக் கிடைத்தது சில நாள்கள்தான். ஓட்டெடுப்பில் 40 பேர் ஆதரவு, 5 பேர் மட்டுமே எதிர்ப்பு.

அடுத்த வருடமே பல பகுதிகளில் மணிக்கு 25 சென்ட்டாக இருந்த பார்க்கிங் கட்டணம் ஒரு டாலரானது. நகரத்தின் மையப்பகுதியில் 2013-க்குள் 6.50 டாலரைத் தொட்டது. இன்னும் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் அதிகம் கிடைத்திருக்க வேண்டும் என்று மாநகராட்சியின் கண்காணிப்பு அதிகாரியே அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில வருடங்களிலேயே கரைந்தது. திருவிழாவுக்காகத் தெருவை மூடினால்கூட, மீட்டர் வருமான இழப்புக்கு நகரம் ஈடு கட்ட வேண்டும்.

மேயரின் பதவிக்காலம் 4 வருடம். அவர் கையெழுத்தின் ஆயுள் 75 வருடம். ஒப்பந்தத்தில் முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமோ 2080-களில்தான் முடியும்.

அப்போ யார்தான் ஆள்வது?

2023-ல், பதவியில் இருந்த மேயர் லோரி லைட்ஃபுட் முதல் சுற்றிலேயே தோற்றார். பிரண்டன் ஜான்சன் மேயரானார். 2024 நவம்பரில் அவர் 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வைக் கொண்டுவந்தார். மன்றம் நிராகரித்தது. ஓட்டு எவ்வளவு தெரியுமா? 50-க்கு 0!

மன்றத்தின் அதிகாரம் புதிதாக வந்ததல்ல; அது எப்போதும் காகிதத்தில் இருந்தது. பல வருடங்களாகச் சீட்டுக்கும் வேலைக்கும் ஆசைப்பட்டு, கவுன்சிலர்களே அதை மேயரிடம் கொடுத்துவைத்திருந்தார்கள். எனவே, அடுத்த முறை எந்த ஊர் மேயரைப் பற்றிப் படித்தாலும், அவர் எவ்வளவு பவர்ஃபுல் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள், கை தூக்கும் முன் அந்தக் காகிதத்தைப் படித்தார்களா என்றும் பாருங்கள். சிகாகோவில் 40 பேர் அவசரமாகத் தூக்கிய கைக்கு, இன்னும் பிறக்காத குழந்தைகள்கூட ஒருநாள் பார்க்கிங் கட்டணம் கட்டப்போகிறார்கள்.