‘அஞ்சு’னு நம்பி வாங்கினாங்க... ‘மூணு’கிட்ட தோத்துப்போச்சு! லேப்டாப் வாங்கப் போறவங்க உஷார்

திருப்பூர்:
பிளஸ்-2 ரிசல்ட் வந்து கல்லூரி சேர்க்கை தொடங்கிவிட்டால் பெற்றோருக்கு பீஸ், ஹாஸ்டல், பஸ் செலவு என்று வரிசையாக கவலை. இப்போது அதில் லேப்டாப்பும் சேர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் ‘இன்டெல்’ என்கிறார்கள், ‘ஏ.எம்.டி.’ என்கிறார்கள். ஐ3, ஐ5, ரைசன் 3, ரைசன் 5 என்று நம்பர்களை அடுக்குகிறார்கள். நம்பர் பெரிசாக இருந்தால் நல்ல சரக்கு என்று நினைத்து பணத்தை கட்டிவிட்டு வந்து அவதிப்படுகிறவர்கள் நிறைய பேர்.

திருப்பூரில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது இதுதான். கணவர் ஓவர்லாக் டெய்லர். மனைவி அதே கம்பெனியில் செக்கிங். மூத்த மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார். போன தீபாவளி போனஸ் பணத்தை முன்பணமாக போட்டு, மீதிக்கு 12 மாத தவணை சொல்லி லேப்டாப் வாங்கப் போனார்கள்.

கடையில் 2 லேப்டாப்பை எடுத்து வைத்தார்கள். ஒன்று இன்டெல் ஐ3. விலை ரூ.34 ஆயிரத்து 500. இன்னொன்று ஏ.எம்.டி. ரைசன் 5. விலை ரூ.36 ஆயிரம். “இது மூணுங்ணா, அது அஞ்சுங்ணா. ஆயிரத்து ஐநூறு ரூவாய்க்கு பாக்காதீங்க, பாப்பா படிப்புக்கு அஞ்சே எடுத்துருங்க” என்று கடைப்பையன் சொல்ல, இவர்களும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பையனும் பொய் சொல்லவில்லை. பெட்டியில் ரைசன் 5 என்றுதான் போட்டிருந்தது.

நாலு மாதத்தில் பிரச்சினை ஆரம்பமானது. கல்லூரியில் செல்போன் ஆப் தயாரிக்கும் பாடம் வந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற சாப்ட்வேரை போட்டதும் லேப்டாப் திணற ஆரம்பித்தது. ஒரு புரோகிராமை ஓட விட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வரலாம். ராம் கூட்டினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனார்கள். அங்கே பின்பக்க மூடியை கழற்றிப் பார்த்த மெக்கானிக் கையை விரித்துவிட்டார். ராமை தனியாக சொருகும் இடமே அதில் இல்லை. போர்டோடு சேர்த்து பற்றவைத்திருந்தார்கள். 8 ஜி.பி. என்றால் ஆயுசுக்கும் 8 ஜி.பி.தான்.

அவர்கள் வேண்டாம் என்று விட்டுவந்த அந்த ஐ3, இந்த ரைசன் 5-ஐ விட வேகமானது என்பதுதான் இதில் கொடுமை.

முழு நம்பர் எங்கே?

எப்படி மூணு அஞ்சை ஜெயிக்கும்? விஷயம் முழு நம்பரில் இருக்கிறது. கடையில் சொல்வது ‘ரைசன் 5’, ‘கோர் ஐ5’ என்ற குடும்பப் பெயரை மட்டும். அது ‘பனியன்’ என்று சொல்வது மாதிரி. என்ன துணி, என்ன கவுண்ட் என்பது அதில் வராது. பிராசசருக்கு அந்த கவுண்ட், பெயருக்குப் பின்னால் வரும் நம்பர்.

இவர்கள் வாங்கியது ரைசன் 5 7520யு. ஏ.எம்.டி. கம்பெனி கொண்டுவந்த 7 ஆயிரம் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. 3-வது இலக்கம்தான் உள்ளே இருக்கும் டிசைன் எந்தக் காலத்தது என்று சொல்லும். அது 2 என்றால் ‘ஜென் 2’. அதாவது 2019-ல் வந்த டிசைன். 3 என்றால் அதற்கு அடுத்த தலைமுறை. 4 என்றால் இன்னும் புதுசு. 7520-ல் 3-வது இலக்கம் 2. சிப் வெளிவந்தது 2022-ல்தான். ஆனால் உள்ளே இருப்பது பழைய டிசைன், அதுவும் 4 கோர்தான்.

அதே ரைசன் 5 பெயரில் 7530யு என்று இன்னொன்று இருக்கிறது. பார்த்தால் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் அதில் 6 கோர், டிசைனும் ஒரு தலைமுறை புதுசு. இரண்டுக்கும் நல்ல இடைவெளி. 7520-க்கும் அதன் தம்பியான ரைசன் 3 7320-க்கும் எல்.பி.டி.டி.ஆர்.5 என்ற வகை ராம் மட்டும்தான் சேரும். அது போர்டோடு பற்றவைத்துத்தான் வரும். சர்வீஸ் கடைக்காரர் கையை விரித்ததற்கு காரணம் அதுதான்.

கடையில் இருந்த அந்த ஐ3-ன் முழு நம்பர் 1215யு. இன்டெல்லின் 12-வது தலைமுறை. அந்த லேப்டாப்பில் ராம் சொருக ஒரு இடம் காலியாகவும் இருந்தது. ஆனால் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

டெய்லரா, கைமடியா?

இதைப் படித்துவிட்டு ‘அப்போ இன்டெல்தான் நல்லது, ஏ.எம்.டி. மோசம்’ என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இன்டெல் சரக்கிலும் இதே கூத்து இருக்கிறது.

12-வது தலைமுறையில் இருந்து இன்டெல் தன் பிராசசருக்குள் 2 வகை கோர் வைக்கிறது. ஒன்று பவர் காட்டுவது. இன்னொன்று கரண்ட்டை மிச்சம் பிடிப்பது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் ஒன்று டெய்லர், இன்னொன்று கைமடி. ஐ5-1235யு என்பதில் மொத்தம் 10 கோர் என்று விளம்பரம் போடுவார்கள். அதில் டெய்லர் 2 பேர், கைமடி 8 பேர். ஐ5-12450எச் என்பதில் 8 கோர்தான். ஆனால் டெய்லரே 4 பேர். எண்ணிக்கையில் 10 பெரிசு. கனமான வேலை என்று வந்தால் 4 டெய்லர் இருக்கிற பேட்ச்தான் முந்தும்.

ஐ3-என்305 என்று ஒன்று வருகிறது. பெயரில் ஐ3 இருக்கிறது. 8 கோரும் இருக்கிறது. ஆனால் 8 பேருமே கைமடி. டெய்லர் ஒருத்தர் கூட இல்லை. விலை குறைந்த லேப்டாப்களில் வரும் என்100-ம் அதே ஜாதிதான், அதில் 4 கோர். கைமடி வேலையை குறைத்துச் சொல்லவில்லை. பாட்டு கேட்க, பாடம் பார்க்க, வேர்டில் டைப் அடிக்க அது தாராளமாக போதும். புரோகிராம் எழுதப்போகிற பிள்ளைக்கு அதை ‘ஐ3’ என்று சொல்லி கொடுப்பதுதான் தப்பு.

இந்த பெயர் விளையாட்டில் இரண்டு கம்பெனியும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொன்ன கதையும் உண்டு. 2023 டிசம்பரில் ‘ஏ.எம்.டி. பழைய சரக்கை புதுப் பெயரில் விற்கிறது’ என்று இன்டெல் ஒரு விளக்கத்தை வெளியிட்டது. அதில் உதாரணமாக காட்டியதே மேலே சொன்ன 7520யு. ‘நீங்க மட்டும் என்ன யோக்கியமா?’ என்று விமர்சனம் கிளம்பியதும் அதை இணையத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே, அதாவது 2024 ஜனவரியில், இன்டெல் ‘கோர் 5 120யு’ என்று ஒன்றை இறக்கியது. ‘ஐ’ எழுத்து போய் பெயர் புதுசாக இருந்தது. உள்ளே முந்தைய 13-வது தலைமுறையின் அதே டிசைன். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

சூடாகுமா?

‘ஏ.எம்.டி.ன்னா சூடாகும், சீக்கிரம் போயிரும்’ என்று இன்றைக்கும் சில கடைகளில் சொல்கிறார்கள். அது பழைய காலத்து பேச்சு. 2017-ல் ரைசன் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. சூட்டை முடிவு செய்வதில் கம்பெனி பெயரை விட நம்பரின் கடைசியில் இருக்கும் எழுத்துக்குத்தான் பங்கு அதிகம். ‘யு’ என்றால் 15 வாட் ரகம். சூடு குறைவு, பேட்டரி நிற்கும். ‘எச்’ என்றால் 45 வாட் ரகம். வேகம் கூடுதல், கூடவே சூடும் பேன் சத்தமும் கூடுதல், சார்ஜரும் கனம். தினமும் பஸ்சில் தூக்கிக்கொண்டு போய், கிளாசில் பிளக் பாயிண்ட் கிடைக்காமல் அல்லாடும் பிள்ளைக்கு ‘யு’ போதும். வீட்டில் வைத்து வீடியோ எடிட்டிங், டிசைன் வேலை என்றால் ‘எச்’ பார்க்கலாம்.

பிராசசரை விட முக்கியமான விஷயம்

உண்மையை சொன்னால், ஒரே விலையில் ரைசன் 5 7530யு, ஐ5-1235யு இரண்டும் வந்தால் எதை எடுத்தாலும் காலேஜ் வேலைக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே மூளையை குழப்பிக்கொள்வதை விட்டுவிட்டு ராமை பார்க்க வேண்டும்.

ராம் என்பது டெய்லர் முன்னால் இருக்கும் டேபிள். டேபிள் சிறிசாக இருந்தால் எவ்வளவு வேகமான டெய்லராக இருந்தாலும் பீசை எடுத்து வைக்கவே நேரம் போய்விடும். விண்டோஸ் 11, பிரவுசரில் நாலு பக்கம், வாட்ஸ்-அப் திறந்தாலே 8 ஜி.பி.யில் பெரும்பகுதி காலி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை எமுலேட்டரோடு ஓட்ட 16 ஜி.பி. வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. எனவே முடிந்தால் 16 ஜி.பி. இல்லாவிட்டால் 8 ஜி.பி. வாங்கினாலும் பிறகு கூட்டுகிற மாதிரி காலி இடம் இருக்க வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுக்க எகிறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அதனால் ‘அப்புறமா பார்த்துக்கலாம்’ என்று விடுகிறவர்கள் ராம் விலையையும் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

காலி இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். டெமோ லேப்டாப்பில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் 3 பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்பாமன்ஸ்’ போய் ‘மெமரி’யை தொட்டால் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று வரும். 2-ல் 1 என்று காட்டினால் ஒரு இடம் காலி. அதன் பக்கத்தில் ‘ரோ ஆப் சிப்ஸ்’ என்று இருந்தால் போர்டோடு பற்றவைத்த ராம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தால், தனியாக சொருக இடம் உண்டா என்று கேட்டு, ‘உண்டு’ என்றால் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஸ்டோரேஜ் எஸ்.எஸ்.டி.யாக இருக்க வேண்டும். ‘ஈ.எம்.எம்.சி. 64 ஜி.பி.’ என்று இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் பத்தாது. குரோம்புக் விலை குறைவுதான். ஆனால் பி.காம். பிள்ளைகளுக்கு தேவையான டேலி மாதிரி விண்டோஸ் சாப்ட்வேரை அதில் நேரடியாக போட முடியாது.

செகண்ட் ஹேண்ட் ஐ7

புதுசுக்கு வழியில்லாதவர்கள் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய கம்பெனி லேப்டாப் வாங்குகிறார்கள். தப்பில்லை. சில நேரம் புது என்100-ஐ விட அதுவே மேல். ஆனால் அங்கேயும் ‘ஐ7’ என்ற பெயரில் ஏமாறக்கூடாது. ஐ7-6600யு என்பது 6-வது தலைமுறை. அதில் 2 கோர்தான். ஐ5-8250யு 8-வது தலைமுறை. அதில் 4 கோர். இங்கே அஞ்சு ஏழை ஜெயிக்கிறது.

அதைவிட பெரிய விஷயம், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட இன்டெல் என்றால் 8-வது தலைமுறை, லேப்டாப் ரைசன் என்றால் 3 ஆயிரம் வரிசை, பொதுவாக அதுவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 6, 7-வது தலைமுறையிலும் குறுக்கு வழியில் 11-ஐ போட்டுக் கொடுக்கிறார்கள். அப்டேட் நிச்சயம் வரும் என்று யாரும் கியாரண்டி தரமாட்டார்கள். பழசு வாங்கும்போது பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை சார்ஜரை பிடுங்கிவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

புதுசோ பழசோ, பில்லில் பிராசசரின் முழு நம்பர், ராம் அளவு, லேப்டாப்பின் சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். புது லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ‘பில் இல்லாம எடுத்தா குறைச்சு தர்றோம்’ என்று சொன்னால் வாரண்டியும் நுகர்வோர் கோர்ட்டும் கைவிட்டுப் போகும்.

அந்த ஓவர்லாக் டெய்லர் வீட்டுக்கு போனபோது லேப்டாப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எமுலேட்டரை விட்டுவிட்டு, அப்பாவின் செல்போனை கேபிளில் மாட்டி அதிலேயே ஆப்பை ஓட்டிப் பார்க்கிறார் அந்த மாணவி. கல்லூரி சீனியர் ஒருவர் சொல்லிக் கொடுத்த யோசனையாம். அதனால் லேப்டாப்புக்கு பாரம் குறைந்து ஓரளவு ஒப்பேற்ற முடிகிறது. ராத்திரி 8 மணிக்கு மேல் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால்தான் போன் கிடைக்கும். தவணை இன்னும் பாக்கி இருக்கிறது.