அணைக்கட்டும் உயிரணுவும்



ஆஸ்டின் டவுனில் என் அறைக்கு அடுத்த அறையில் அண்ணன் ஒருவர் குடியிருக்கிறார். சென்ற மாதம் ஓர் இரவு, தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, நீ சயின்ஸ் படிக்கிறவனாச்சே. இந்த மாத்திரையைத் தின்னா ஒரே மாசத்துல உடம்பு இளைச்சிடுமாம். வாங்கட்டுமா?" என்று கேட்டார். பெயரைப் பார்த்தேன்: டைநைட்ரோபீனால். நெஞ்சு திக்கென்றது. "வேண்டாம் அண்ணே, உயிருக்கே ஆபத்து" என்றேன். "ஏன்?" என்றார். அவருக்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

நான் மேட்டூர்க்காரன். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையைப் பார்த்து வளர்ந்தவன். அணை நீர் மின்சாரம் தருவது எவ்வாறு? ஒருபுறம் உயர்ந்த நீர்மட்டம், மறுபுறம் பள்ளம், நடுவே சுவர். சுவரில் விட்ட வழியே நீர் பாயும்போது டர்பைன் சுழல்கிறது. 1905-இல் இப்பெங்களூரில் மின்விளக்கு எரிந்ததும், சிவசமுத்திரத்தில் வீழும் காவிரியின் ஆற்றலால் அன்றோ?

நம் உயிரணுக்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றின் உட்சவ்வே அணைச்சுவர், புரோட்டான்களே நீர். உண்ட சோற்றிலிருந்து பிரியும் எலெக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி, நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனைச் சேர்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறத்துக்கு இறைக்கிறது. மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஐந்தாறு பங்கே கனமுள்ள அச்சவ்வின் இருபுறமும் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் வேறுபாடு நிற்கிறது. தேங்கிய புரோட்டான்கள் திரும்பிப் பாயும் வழியில் ஒரு புரதம் டர்பைனைப் போலவே சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் பிறக்கின்றன. தசை அசைவதும் மூளை எண்ணுவதும் அந்த ஏ.டி.பி.யைச் செலவிட்டே. 1929-இல் அதனைக் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை.

1961-இல் இங்கிலாந்தின் பீட்டர் மிட்சல் இக்கருத்தை வெளியிட்டபோது அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1966-இல் ஜேகன்டார்ஃப், உரிபே என்னும் இருவர் பாலக் கீரையின் பசுங்கணிகங்களை முதலில் அமிலத்தில் ஊறவைத்து, பின்பு இருட்டிலேயே காரக்கரைசலுக்கு மாற்றினர். ஒளி இன்றியே ஏ.டி.பி. உண்டாயிற்று! புரோட்டான் வேறுபாடு ஒன்றே போதும் என்பது விளங்கிற்று. 1978-இல் மிட்சலுக்கு நோபல் பரிசு கிட்டியது.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். டைநைட்ரோபீனால் புரோட்டான்களைச் சுமந்துகொண்டு சவ்வையே ஊடுருவிச் செல்கிறது. அணைச்சுவரில் ஓட்டை போடுகிறது எனலாம். டர்பைன் தளர்கிறது. இழந்ததை ஈடுகட்ட உடல் கொழுப்பை மேலும் மேலும் எரிக்கிறது. ஆற்றலோ வெறும் வெப்பமாகிறது. உடல் மெலிவது உண்மையே. ஆனால் காய்ச்சல் கட்டுமீறினால் மரணம். முறிமருந்து கிடையாது. 1933-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனை இளைப்பதற்குக் கொடுக்கத் தொடங்கினர். சிலருக்குக் கண்புரை வந்தது, சிலர் மாண்டனர். 1938-இல் மனிதர் உண்ணத் தகாதது என அங்கே அறிவிக்கப்பட்டது.

இயற்கையும் கசிவை அறியும். பச்சிளங்குழந்தையின் பழுப்புக் கொழுப்பு இவ்வாறே புரோட்டான்களைக் கசியவிட்டுக் குளிரைத் தாங்குகிறது. ஆனால் அங்கே மதகு உண்டு. வேண்டும்போது திறக்கும், வேண்டாதபோது மூடும். மாத்திரைக்கு ஏது மதகு?

அண்ணன் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்போ காலையில என்னையும் எழுப்பிவிடு தம்பி, மைதானத்தைச் சுத்தி ஓடுவோம்" என்றார். இப்போது இருவரும் ஓடுகிறோம். நண்பர்களே, உங்கள் விடுதியில் எவரேனும் இத்தகைய மாத்திரையைக் காட்டினால், அணைக்கட்டின் கதையை அவருக்கும் சொல்லுங்கள்!