கமராவுக்கு முன் ஒரு புத்தகம்

“ஐயா, எந்தக் கமராவை வாங்கலாம்?”

புகைப்படக் கலையில் ஆசை கொண்ட மாணாக்கர் என்னிடம் முதலிற் கேட்கும் கேள்வி இதுதான். சென்ற மாதமும் ஒருவன் கேட்டான். “முதலில் ஒரு புத்தகத்தைப் பார், தம்பி, கமராவைப் பின்னர் பார்க்கலாம்” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நானும் ஒரு காலத்திற் கூடத்தையே குறை கூறித் திரிந்தவன்.

உத்தியோகம் ஏற்ற புதிதில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வில்லைகள் வாங்குவதே என் பொழுதுபோக்கு. அந்நாளில் ஒரு மாலை, என் அன்னையார் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அரிசியிற் கல் பொறுக்கும் காட்சியைப் பிலிமிற் பிடித்தேன். அதனை அச்சிடும் செலவைப் பின்போட்டு, வேறொரு வில்லைக்குப் பணம் சேர்த்தேன். நெகட்டிவ் தகரப் பெட்டியிற் கிடந்தது. அன்னையார் மறைந்த பின்னரே பெட்டியைத் திறந்தேன். ஈரக் காற்றிற் பூஞ்சணம் பற்றி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகியிருந்தன. அந்த வில்லை இன்றும் என்னிடம் உண்டு, படந்தான் இல்லை.

அதன் பின்னர் நான் கருத்தூன்றிப் பார்த்த நூல் ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ என்னும் படத்தொகுதி. 1900-ம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்த வென்ட், சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பில் வல்லவர். 1934-ம் ஆண்டின் ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். 1944-ம் ஆண்டில் அவர் காலமான பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் அவர் அச்சிட்டு வைத்த படங்கள் எஞ்சின. 1950-ம் ஆண்டில் இலண்டனில் இத்தொகுதி வெளியாயிற்று. நம் நாட்டு வெயிலும் நிழலும் கறுப்பு வெள்ளையில் எத்தனை நிறம் காட்டும் என்பதை இதிற் காணலாம். அச்சிட்டதே நிலைக்கும் என்ற பாடத்தையும் இந்நூலின் வரலாறு புகட்டுகின்றது.

எனினும், எடுக்கும் முறையை வென்டின் தொகுதி கற்பிக்காது. அதற்கு அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் எழுதிய மூன்று நூல்கள் உள்ளன: ‘த கமரா’ (1980), ‘த நெகட்டிவ்’ (1981), ‘த பிரின்ட்’ (1983). இவரும் பியானோ பயின்றவரே. நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சுப்படத்தைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர். முதல் நூலிற் பெருங் கமராக்களைப் பற்றிய பகுதிகள் இன்றைய மாணாக்கருக்குச் சற்றே சலிப்பூட்டலாம். இரண்டாம் நூலோ இன்றும் பொன்னே. கமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணும். ஆகவே கோயில் வீதியில் வெள்ளை வேட்டியை மட்டும் அளந்து படமெடுத்தால் வேட்டி அழுக்கேறியதுபோற் தோன்றும். ஒளியை இரண்டு மூன்று மடங்கு கூட்டிக் கொடுத்தால் வெண்மை மீளும். கைப்பேசிக்கும் இவ்விதி பொருந்தும்.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பத்தைந்து மில்லிமீற்றர் பிலிம் கமராவும் ஐம்பது மில்லிமீற்றர் வில்லையும் ஓராண்டுப் பயிற்சிக்குப் போதும். தூரக் காட்சியை நெருங்க விரும்பின் கால்களால் நடந்து செல்லுங்கள். வில்லையைத் தோலுறையில் மூடிவைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை ஈர்க்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதந்தோறும் சில படங்களையேனும் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

அந்த மாணவன் நேற்று வந்தான். கைப்பேசியில் எடுத்துக் கடையில் அச்சிட்ட ஒரு படத்தை நீட்டினான். அவனுடைய பாட்டியார் திண்ணையில் அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

“கமரா இன்னும் வாங்கவில்லை, ஐயா” என்றான்.

நான் அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.